வாசலும் கொல்லையும்

வெளியூர் நண்பர் ஒருவர் சனிக்கிழமை காலை சீர்காழி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறார் என்று வைத்துக் கொள்வோம். ஞாயிறு இரவு ரயிலுக்குத் திரும்பிவிட வேண்டும். "உங்கள் ஊரை எனக்குச் சுற்றிக் காட்டுங்கள்" என்கிறார். உள்ளூர்க்காரன் என்ன செய்ய வேண்டும்?

இதில் என்ன பெரிய கேள்வி இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். கோயிலுக்கு அழைத்துப் போவது, நல்ல காப்பி வாங்கிக் கொடுப்பது, திரும்ப ரயிலேற்றி விடுவது, அவ்வளவுதானே? அவ்வளவுதான் என்று இருந்துவிடவும் செய்யலாம். ஆனால் சற்று நின்று யோசித்தால், 'காட்டுவது' என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு தர்மசங்கடம் இருப்பது தெரியும். ஒன்றைக் காட்டுகிறவன் இன்னொன்றைக் காட்டாமல் விடுகிறான். அப்படி விடுவது மரியாதையா, வஞ்சனையா?

காட்டுவதற்கு எங்கள் ஊரில் குறைவே இல்லை. முதலில் சட்டைநாதர் கோயில். ஒரே கோயிலுக்குள் மூன்று நிலைகள். கீழே லிங்க வடிவில் பிரம்மபுரீஸ்வரர். படியேறிப் போனால் அம்மையோடு வீற்றிருக்கும் தோணியப்பர். அதற்கும் மேலே ஏறினால் சட்டைநாதர். இறங்கி வந்தால் பிரம்ம தீர்த்தம். ஞானசம்பந்தர் பிறந்த ஊர் இது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பெருமை குறையவில்லை. ஊருக்குப் பன்னிரண்டு பெயர்கள்: பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம். "ஓர் ஊருக்கு ஒரு பெயர் போதாதா?" என்று நண்பர் சிரிப்பார். ஒரு பெயருக்குள் அடங்காத ஊர் என்று பெருமையாகச் சொல்லிக் கொள்ளலாம்.

அப்புறம் தாடாளன் கோயில். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. உலகளந்த கோலத்தில் பெருமாள் ஒரு திருவடியைத் தூக்கி நிற்கிறார். மாலையில் சங்கீதப் பேச்சு. தியாகராஜர் முதலிய மும்மூர்த்திகளுக்கு முன்பே தமிழில் கீர்த்தனைக்கு வழி காட்டிய மூவரும் இந்தப் பக்கத்து மனிதர்கள். முத்துத்தாண்டவர் இந்த ஊர்க்காரர். இராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயர் (1711-1779) தில்லையாடியில் பிறந்து இங்கே வாழ்ந்தவர். மாரிமுத்தாப் பிள்ளை அருகிலுள்ள தில்லைவிடங்கன்காரர். நம் காலத்துக்கு வந்தால், 1933-இல் பிறந்து, ஊரின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் சுமந்து உலகமெல்லாம் ஒலிக்கச் செய்த கோவிந்தராஜன் இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெற்கே வைத்தீசுவரன் கோயில். தெருவுக்குத் தெரு நாடி ஜோசியப் பலகைகள். தங்கள் வருங்காலத்தை ஓலையில் கேட்டுத் தெரிந்து கொள்ள எங்கிருந்தெல்லாமோ மனிதர்கள் வருகிறார்கள். பிற்பகலில் பூம்புகார்க் கடற்கரை. இரவு ரயில். நண்பர் ஜன்னல் வழியே கையை ஆட்டி, "அருமையான ஊர் ஐயா! எவ்வளவு அமைதி!" என்பார்.

இங்கேதான் எனக்குக் கேள்வி பிறக்கிறது. அவர் எந்த ஊரைப் பார்த்துவிட்டுப் போகிறார்?

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாசல், திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கடைசியில் கொல்லை. விருந்தாளிக்குக் கூடம் வரையில் இடம் உண்டு. கொல்லையில் சாணி கிடக்கும், பத்துப் பாத்திரம் கிடக்கும், வேலைக்காரப் பெண் தன் கவலையைச் சொல்லி அழுதுகொண்டிருப்பாள். அதையெல்லாம் விருந்தாளிக்குக் காட்டுவது வழக்கமில்லை. வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே வைத்தார். முகம் சற்றுத் திரிந்தாலே விருந்தினர் வாடிவிடுவார் என்று அவருக்குக் கவலை. அப்படியிருக்க, இரண்டு நாள் சந்தோஷமாக இருக்க வந்தவரிடம் ஊரின் கஷ்டத்தைச் சொல்லி ஏன் வாட்ட வேண்டும்? கடன் வாங்கிச் சமைத்த வீட்டிலும் இலையில் பாயசம் விழும்போது கடனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது பொய் இல்லை, அன்பு. இந்தக் கட்சியில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் எங்கள் ஊரின் கொல்லை சாதாரணக் கொல்லை அல்ல. இது கடைமடை. காவிரி கடலைச் சேரப் போகும் நேரத்தில் வந்து நனைக்கிற பூமி. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். திறந்த தண்ணீர் மேலே இருக்கும் வாய்க்கால்களையெல்லாம் நிரப்பிவிட்டு இங்கே வந்து சேர வேண்டும். தண்ணீர் குறைந்த ஆண்டில் முதலில் காய்வது கடைமடை வயல். தண்ணீர் மிகுந்த ஆண்டிலோ மேலே வடிகிற வெள்ளத்துக்கும் இதுவே வழி. கடலோரத்தில் கொஞ்சம் அசந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். பற்றாக்குறையில் கடைசிப் பங்கு, வெள்ளத்தில் பெரும் பங்கு என்பது இந்த மண்ணுக்கு எழுதிவைத்த கணக்கு.

2022 நவம்பர் 12-ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நட்டு வளர்ந்துகொண்டிருந்த சம்பாப் பயிர் தண்ணீருக்குள் போயிற்று. சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் என்று அரசாங்கம் அறிவித்தது. மூழ்கின நாற்றின் விலையையும், நடவு நட்டவர்களின் முதுகுவலியையும், வயலில் வேலை இல்லாமல் போன நாட்களையும் அந்த ஆயிரத்தோடு சேர்த்துப் பார்ப்பவர்களுக்குக் கணக்கு விளங்கும்.

தோணியப்பரைப் பற்றிய கதை உங்களுக்குத் தெரியும். பிரளயம் வந்து உலகமெல்லாம் மூழ்கியபோது, இறைவன் தோணியில் வந்து தங்கிய இடம் இது என்கிறார்கள். ஆதலால் தோணிபுரம். நண்பரை இரண்டாம் நிலை வரையில் ஏற்றி இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, 2022-இல் வந்த தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் இறக்கி அழைத்து வந்தால், கதை வெறும் கதையாகி விடுகிறது. தண்ணீருக்கு அஞ்சி வாழ்ந்தவர்கள் சொன்ன கதை அது என்று தெரியும்போதுதான் தோணியின் அருமை தெரிகிறது.

அதற்காக, வெள்ளத்தில் கூரை போன குடிசைகளுக்கு நண்பரை அழைத்துப் போய், "பாருங்கள், எவ்வளவு கஷ்டம்!" என்று சொல்ல வேண்டுமா? அது இன்னும் பெரிய பாவம் என்பேன். கோயிலைக் காட்சிப் பொருளாக்குவதை மன்னிக்கலாம், கற்சிலைக்குக் கூச்சமில்லை. ஒரு மனிதனின் துன்பத்தைக் காட்சிப் பொருளாக்கினால் அவன் கூசிப் போவான். கொல்லைக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லிப் பிறத்தியாரின் கொல்லையைத் திறந்துவிட நமக்கு உரிமை கிடையாது.

பின் வழி என்ன? அந்த வழியையும் இந்த ஊரிடமிருந்தே கற்றுக் கொள்ளலாம் என்று நினைக்கிறேன். குழந்தை சம்பந்தரைக் கரையில் உட்கார வைத்துவிட்டுத் தகப்பனார் குளத்தில் மூழ்கினார். குழந்தை அழுதது. அம்மை வந்து பொற்கிண்ணத்தில் பால் கொடுத்தாள். கரையேறிய தகப்பனார் குழந்தையின் வாயில் பால் வழிவதைக் கண்டு, கையில் கோலை எடுத்துக் கொண்டு, யார் கொடுத்த பால் என்று அதட்டினார். குழந்தை விரலை நீட்டிக் காட்டியது. சித்திரையில் திருமுலைப்பால் விழா நடக்கும்போது ஊரே அந்த நிகழ்ச்சியை நினைவு கூர்கிறது.

இந்த ஊரில் 'காட்டுவது' என்பதற்குக் கிடைத்த முதல் பொருளே அதுதான். குழந்தை தன் பெருமையைக் காட்டவில்லை. தன் பசியையும் காட்டவில்லை. தனக்கு ஊட்டியவள் யார் என்று காட்டியது. உள்ளூர்க்காரன் செய்ய வேண்டியதும் அவ்வளவே. கோயில் படியிலிருந்து இறங்கியதும் கிழக்கே திருமுல்லைவாசல் சாலையில் சிறிது தூரம் போய், சாலையோரத்தில் நின்று வயலைக் காட்டலாம். "மத்தியானம் சாப்பிட்டீர்களே, அந்தச் சோறு இந்த மாதிரி நிலத்திலிருந்து வருகிறது. இந்த நிலத்துக்குத் தண்ணீர் கடைசியாக வரும், வெள்ளம் தவறாமல் வரும்" என்று சொல்லலாம். யாருடைய வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டாம். ஊட்டியவரைச் சுட்டிக் காட்டினால் போதும்.

விருந்தாளிக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. அமைதியான ஊர் என்று புகழ்வதற்கு முன்னால், அந்தத் தகப்பனார் கேட்ட கேள்வியை, கோலில்லாமல், அவரும் கேட்க வேண்டும். கோயிலில் விளக்கெரிகிறதே, யார் திரி போட்டார்கள்? குளத்தில் படி சுத்தமாயிருக்கிறதே, யார் கூட்டினார்கள்? கேட்காமல் அனுபவிக்கிறவர் ஊரைக் கடையாக நினைக்கிறார். காசு கொடுத்தால் தீர்ந்தது என்று எண்ணுகிறார். கேட்கிறவர் ஊரோடு உறவாகிறார்.

2023 ஏப்ரலில், குடமுழுக்குக்காக யாகசாலை அமைக்கச் சட்டைநாதர் கோயில் வளாகத்தில் மண்ணைத் தோண்டியபோது, பஞ்சலோகத் திருமேனிகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த நானூற்றுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. எந்தக் காலத்திலோ யாரோ பத்திரமாகப் புதைத்து வைத்திருக்கிறார்கள். எத்தனை தலைமுறைகள் அந்தத் தரையின் மேல் நடந்து போய்க் கும்பிட்டுவிட்டு வந்திருக்கின்றன! உள்ளூர்க்காரர்களான எங்களுக்கே காலடியில் இருந்தது தெரியவில்லை. ஆகையால் இரண்டு நாளில் ஊரை முழுதும் பார்த்துவிட முடியவில்லையே என்று நண்பர் வருந்த வேண்டியதில்லை. ரயில் கொள்ளிடப் பாலத்தின் மேல் ஓடும்போது ஒரு நிமிஷம் வெளியே எட்டிப் பார்த்து, இந்த ஆற்றில் இப்போது எவ்வளவு தண்ணீர் போகிறது, அது யாருடைய வயலுக்குக் கிடைக்காத தண்ணீர், யாருடைய வயலை மூழ்கடிக்கப் போகும் தண்ணீர் என்று அவருக்குக் கேட்கத் தோன்றினால், அவர் எங்கள் ஊரைப் பார்த்துவிட்டார் என்றே நான் சொல்வேன்.