என் கைக்கு வராது என்று இனிச் சொல்லாதீர்கள்

புதுச்சேரி அரியாங்குப்பத்தில் காய்கறி வாங்கி முடித்ததும் கை தானாக நீளும். “அண்ணே, கொஞ்சம் கறிவேப்பிலை போடுங்க.” கடைக்காரர் ஒரு கொத்தை ஒடித்துப் பையில் போடுவார். கொசுறு. ஐப்பசி மழையில் விலை ஏறிவிட்டால் அந்தக் கொசுறும் கிடையாது. நீட்டிய கை வெறுங்கையாய் மடங்கும், முகம் சுருங்கும். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் நாலடி மண் சும்மா கிடக்கிறது. மாடியில் வெயில் கொட்டுகிறது. ஒரு கொத்து இலைக்கு ஏன் கை நீட்ட வேண்டும்?

கேட்டால் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள்: “என் கைக்குச் செடி வராதுங்க. கைராசி இல்ல.”

யார் சொன்னது உங்களுக்கு? எந்த ஜாதகத்தில் எழுதியிருக்கிறது?

நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். மூன்று முறை கொத்தமல்லி விதைத்தேன். மூன்று முறையும் தொட்டியில் மண்தான் மிஞ்சியது. பிறகு விஷயம் தெரிந்த ஒரு பெரியவர் ஒரு தனியாவை எடுத்து, தரையில் வைத்து, டம்ளரின் அடியால் மெல்ல உருட்டினார். அது இரண்டாகப் பிளந்தது. ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் இரண்டு விதைகள் இருக்கின்றன. அதை உடைத்து, இரவு முழுக்க ஊறவைத்துப் போட வேண்டும். நான் முழுசாகப் போட்டிருந்தேன், அதுவும் சித்திரை வெயிலில். மார்கழிக் கடைசியில் உடைத்துப் போட்டேன். பத்தாம் நாள் பச்சை தெரிந்தது. நாற்பது நாளில் ரசத்துக்குக் கிள்ளினேன். கை அதே கைதான். அதன் மேல் இத்தனை வருடம் வீண்பழி போட்டிருக்கிறேன்.

இந்த ஊரில் பிறந்துவிட்டு ‘என்னால் ஆகாது’ என்பது எனக்குத் தாங்க முடியாத சொல். பக்கத்தில்தான் அரிக்கமேடு. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானிய மதுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அங்கே ஆற்றங்கரையில் அந்தக் காலத்தில் கல்லிலும் கண்ணாடியிலும் மணி செய்தார்கள்; அந்த மணிகள் கடல் கடந்து போயின. ஒரு சின்னக் கல்மணியைக் கையில் எடுத்து, நடுவில் நூல் நுழையும் துளையைப் பாருங்கள். அந்தத் துளையைப் போட்டவர் கைராசி பார்த்தா உட்கார்ந்தார்? எத்தனை கற்கள் அவர் கையில் உடைந்திருக்கும்! உடைந்ததை ஒதுக்கிவிட்டு அடுத்த கல்லை எடுத்தார். அவர் காலடி பட்ட மண்ணில் நின்றுகொண்டு ஒரு கொத்தமல்லிக்குத் தோற்பீர்களா?

எழுந்திருங்கள். ஆனால் மண் வாங்கவும் தொட்டி வாங்கவும் உடனே ஓடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, நடுப்பகலில், மாலை நான்குக்கு என்று மூன்று முறை வீட்டைச் சுற்றி வாருங்கள். வெயில் விழும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு வையுங்கள். தோட்டத்தின் வரைபடம் அதுதான். நாள் முழுக்க வெயில் காயும் இடம் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் எலுமிச்சம்புல்லுக்கும். காலை வெயில் மட்டும் படும் இடம் கொத்தமல்லிக்கும் வெந்தயத்துக்கும். நிழலும் ஈரமுமான மூலை புதினாவுக்கும் வல்லாரைக்கும். புதினாவை மட்டும் தனித் தொட்டியில் அடையுங்கள். விட்டால் அடுத்த செடியின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அடிக்கடி கிள்ளுகிற செடி அடுப்படிக் கதவுக்குப் பத்தடிக்குள் இருக்கட்டும். குழம்பு கொதிக்கும்போது மாடி ஏறி இறங்க யாருக்கும் மனசு வராது.

தொட்டிக்குப் பணமில்லை என்று நிற்காதீர்கள். அடியில் துளை போட்ட பழைய வாளி போதும். மண்தொட்டியே வேண்டுமென்றால் நம் வில்லியனூரின் சுடுமண் கைவேலை புவிசார் குறியீடு பெற்றது. வெளியூரில் தேட வேண்டாம். செம்மண் இரண்டு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு, நன்றாக அலசிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. இவ்வளவுதான். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது நினைவிருக்கிறதல்லவா? தண்ணீர் வடிய வழியில்லாத தொட்டியில் வேர் அழுகாமல் என்ன செய்யும்?

கடல் பக்கமான ஊரில் இன்னொரு எதிரி உப்பு. போர்த் தண்ணீர் கரித்தால் புதினா இலையின் ஓரம் கருகும். அரிசி கழுவிய தண்ணீரையும் கீரை அலசிய தண்ணீரையும் சாக்கடையில் கொட்டாமல் செடிக்கு ஊற்றுங்கள். மழைநீரைப் பிடித்து வைக்க ஒரு டிரம் போடுங்கள்.

கறிவேப்பிலையைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். “என்னைக் கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கிவிட்டார்கள்” என்று எத்தனை பேர் கண் கலங்கிச் சொல்லக் கேட்டிருக்கிறேன்! இலையை மட்டும் பார்த்ததால் வந்த பேச்சு அது. மரத்தைப் பாருங்கள். கன்று ஒரு மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். கிள்ளிய இடத்துக்குக் கீழே ஐந்தாறு கிளை வெடிக்கும். கிள்ளாமல் பொத்தி வளர்த்த கன்று ஒற்றைக் குச்சியாக நெடுநெடுவென்று நிற்கும். முதல் வருடம் இலைக்கு ஆசைப்படாதீர்கள். வேர் பிடிக்க விடுங்கள். வளர்ச்சி சுணங்கினால் புளித்த மோரில் தண்ணீர் கலந்து வேரில் ஊற்றுங்கள். இலையைத் தின்னும் பச்சைப் புழு பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. கையால் எடுத்து விட்டால் போதும், மருந்து வேண்டாம்.

மருந்து என்றதும் நெஞ்சு கொதிக்கிறது. பூச்சிமருந்து எச்சத்துக்காக ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கறிவேப்பிலையைக் கூடுதல் சோதனைப் பட்டியலில் வைத்தது. அவர்கள் தங்கள் எல்லையில் நிறுத்திச் சோதித்தார்கள். நம் பிள்ளையின் தட்டுக்கு முன்னால் யார் நிற்கிறார்கள்? நீங்கள்தான் நிற்க வேண்டும்.

சந்தேகமா? கேட்க வெட்கப்படாதீர்கள். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் தொடங்கப்பட்டது இதே புதுச்சேரியில்தான். குரும்பாப்பட்டில் இருக்கிறது. போங்கள், கருகிய இலையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். நம் வீட்டுத் தாளிப்பு வடகம் பிரெஞ்சுக்காரர் நாக்கில் ‘வடுவான்’ ஆகி அவர்கள் சமையலறைக்குள் போயிருக்கிறது. நம் வாசனையின் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வடகத்தைத் தாளிக்க நாம் கறிவேப்பிலையைக் கொசுறு கேட்டு நிற்கலாமா?

முதல் விதை வெந்தயமாக இருக்கட்டும். அதற்கு நான்கு நாள் போதும், முளைத்துவிடும். இருபத்தைந்து நாளில் கீரை. தோற்றுப் பழகிய கைக்கு முதல் வெற்றி சீக்கிரம் வேண்டும், அதனால்தான் சொல்கிறேன். வெந்தயம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. இன்று இரவு படுக்கப் போகுமுன் ஒரு பிடி எடுத்து ஊறவையுங்கள். காலையில் தூவுங்கள்.