மாக்கோழியும் வட்டக் குறியும்

கணவனும் மனைவியும் அருகருகே நின்று கைத்துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொள்ளலாமா என்ற வினா, உயிர் எதுவும் சாகாத ஒரு செயலில் இம்சை உண்டா என்ற பழைய சமய வினாவின் புதிய வடிவமே ஆகும். இது வெறும் கற்பனை வினாவும் அன்று. 2013இல் மியூனிக்கில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் 10 மீற்றர் காற்றழுத்தப் பிஸ்டல் பிரிவில் தங்கம் வென்ற இந்திய வீராங்கனை ஹீனா சித்துவுக்குப் பயிற்றுநராக இருந்தவர், தாமும் பிஸ்டல் வீரரான அவருடைய கணவர் ரோனக் பண்டிட். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைந்து சுடும் கலப்பு அணிப் போட்டி டோக்கியோ ஒலிம்பிக் முதல் நடைபெற்று வருகிறது. 10 மீற்றர் பிஸ்டல் போட்டியில் குறியாவது ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வட்டங்களைக் கொண்ட இலக்கு. அதன் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீற்றர் விட்டமுடையது, அதை நோக்கிச் செல்லும் ஈயக் குண்டு 4.5 மில்லிமீற்றர் மட்டுமே.

சமண நெறி இம்சையை இரண்டாகப் பகுக்கும். ஓர் உயிரின் உடலுக்கு நேரும் ஊறு திரவிய இம்சை எனப்படும். ஊறு செய்யும் உள்ளத்தில் எழும் கொடுமை, வெளியே எவர்க்கும் தீங்கு நேராவிடினும், பாவ இம்சை எனப்படும். யசோதர காவியம் இப்பகுப்பைக் கதையாக்கிக் காட்டுகிறது. உயிர்ப்பலி கொடுக்க மனமில்லாத மன்னன் யசோதரன், தாய் சந்திரமதியின் வற்புறுத்தலுக்கு இணங்கி மாவினால் செய்த கோழியொன்றைத் தேவிக்கு வெட்டிப் பலியிடுகிறான். அந்த ஒரு செயலுக்காகத் தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழல நேர்கிறது. மாவை வெட்டியதற்கு இத்தனை தண்டனையா என்று இன்றைய வாசகர் வியப்பது இயல்பே. ஆயினும் மன்னன் வெட்டியது வெறும் மாவை அன்று. கோழியின் வடிவம் கொடுத்து, கோழியாகவே எண்ணி வெட்டினான் என்பதில்தான் காவியத்தின் வழக்கு நிற்கிறது. இவ்வளவைக்கொண்டு பார்த்தால், எவ்வுயிரின் சாயலும் இல்லாத வட்டக் குறியும் மனித உருவம் வரைந்த அட்டையும் ஒன்றல்ல என்பது தெளிவு. ஒலிம்பிக் விரைவுச் சூட்டுப் போட்டியிலேயே ஒரு காலத்தில் மனித நிழலுருவங்கள் குறியாக இருந்து, பின்னர் வட்டங்களுக்கு இடம்விட்டன. மார்பும் தலையும் வரைந்த அட்டையைத் துளைத்து மகிழும் தம்பதியர் யசோதரன் செய்ததையே செய்கின்றனர்.

இப்பயிற்சியை மன ஒருமைப்பாட்டின் பெயரால் போற்றுவோர் உளர். அவர்கள் கூறுவதில் பொருளில்லாமல் இல்லை. சுடுபவரின் பார்வை குழலின் நுனியிலுள்ள முன்குறியில் நிலைக்க, அதற்கப்பால் இருக்கும் அட்டை மங்கலாகவே தெரியும். பாதி வெளிவிட்ட மூச்சை அவர் அங்கேயே நிறுத்தி, விசைவில்லின் மீது விரலின் அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட, அவரே எதிர்பாராத கணத்தில் குண்டு புறப்படும். பத்து விழுந்ததற்கு மகிழ்ந்தாலும் ஏழு விழுந்ததற்கு நொந்தாலும் அடுத்த குண்டு கெடும் என்பதால், நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் சமமாக ஏற்கும் மனநிலையாகிய, சைவ சித்தாந்தம் இருவினையொப்பு எனக் கூறும் நிலையை இது ஒருவாறு நினைவூட்டுகிறது. முண்டக உபநிடதமும் பிரணவத்தை வில்லாகவும் ஆன்மாவை அம்பாகவும் பிரமத்தைக் குறியாகவும் உருவகிக்கிறது. எனினும் ஒருமைப்பாடு அறத்துக்கு உறுதி அளிப்பதில்லை. ஜப்பானின் செண்டாய் நகரில் மெய்யியல் கற்பித்தபடியே வில்வித்தை பயின்று, அதனை ஞானநெறியாக விளக்கி 1948இல் புகழ்பெற்ற நூலை வெளியிட்ட ஜெர்மானியர் ஓய்கன் ஹெரிகெல், இடையில் நாட்சிக் கட்சியின் உறுப்பினராகவும் இருந்தார். அதே ஊரில் அவருடைய மனைவி கற்று நூலாக எழுதியது பூக்களை அமைக்கும் கலை.

தம்பதியரின் போட்டியைத் தெய்வ வழிபாடாகவே ஆக்கிய மரபு ஒன்று மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உண்டு. கண்ணகி அம்மன் வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டில் ஊரார் வடசேரி, தென்சேரி என இரு கட்சிகளாகப் பிரிந்து, முன்னதைக் கோவலனுக்கும் பின்னதைக் கண்ணகிக்கும் உரியதாகக் கொள்வர். வளைந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு கட்டி இழுக்க, எக்கட்சியின் கொம்பு முறிகிறதோ அக்கட்சி தோற்றதாகும். பூப்பறிக்கச் சென்ற இருவரின் துறட்டிகள் சிக்கிக்கொண்டதிலிருந்து இவ்விளையாட்டுப் பிறந்தது என்பர். மதுரையை எரித்தவளின் சினத்தைத் தணிக்க ஆடியது என்பாரும் உளர். கணவன் மனைவியரிடையே பூசல் எழும் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அதன் வேகம் முழுவதையும் ஒரு மரத்துண்டின் மீது இறக்கிவிடும் ஏற்பாடு இது. முறிவது கருவி, மனிதர் முழுதாக வீடு திரும்புவர். துப்பாக்கிப் பயிற்சியிலோ துளைபடுவது அட்டை, கருவி பழுதின்றி இருவரோடும் வீட்டுக்கு வருகிறது. பூசலும் அதே வீட்டில்தான் இருக்கிறது என்பதை இப்பொழுதுபோக்கைப் புகழ்வோர் பெரும்பாலும் பேசுவதில்லை.

செய்பவரின் எண்ணமே வினையின் வேர் எனப் பௌத்தம் கொள்வதால், தூய எண்ணத்தோடு சுடுவோர்க்குக் குற்றமில்லை என்று வாதிடலாம். ஆனால் துப்பாக்கியின் ஓசை சுடுபவருக்கு மட்டும் கேட்பதன்று; மட்டக்களப்பு வாவிக் கரையில் அதற்குக் கொடிய நினைவுகள் உண்டு. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், மட்டக்களப்புப் புனித மரியாள் பேராலயத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டபோது உடனிருந்த மனைவியும் காயமுற்றார். இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்போர் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். அயலாரின் செவியில் எஞ்சியிருப்பதற்கு எந்தப் பத்திரமும் விடையாகாது. மூடிய கூடத்தில், வெடிமருந்து இல்லாத காற்றழுத்தப் பிஸ்டலால், வட்டக் குறியை நோக்கிப் பழகுவதில் மறுப்பதற்கு அதிகமில்லை. வெடிமருந்துக் கைத்துப்பாக்கியின் ஓசையை எழுவான்கரையிலோ படுவான்கரையிலோ பொழுதுபோக்காக எழுப்புவதற்கு, அதனைக் கேட்டு ஒளிந்த தலைமுறை உயிரோடிருக்கும் வரை, நியாயம் இல்லை.