வகுப்பறை மௌனம்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

அறம் பற்றிய வினாக்கள் பெருநூல்களிலும் நீதிமன்றங்களிலும் மாத்திரமே எழுவன என்று கருதுதல் பொருந்தாது. அரசினர் பாடசாலை ஒன்றின் பத்தாம் வகுப்பிலே, இடைவேளை முடிந்து ஆசிரியர் உள்ளே நுழையும் வேளையிலும் அவை எழுகின்றன. யன்னற் கண்ணாடி உடைந்து கிடக்கின்றது. "யார் செய்தது?" என்று ஆசிரியர் வினவுகின்றார். நாற்பது பேருக்கும் விடை தெரியும்; நாற்பது பேரும் நிலத்தை நோக்குகின்றனர். "சொல்லாவிட்டால் எல்லோருக்கும் தண்டனை" என்பது அடுத்து வரும் வாக்கியம். நம்முள் அநேகர் இந்நிகழ்ச்சியில் ஏதேனுமொரு பாத்திரத்தை ஏற்றவர்களே. அவ்வேளை நிலவும் மௌனம் நற்பண்பா, குற்றமா என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினாவாகும்.

ஆசிரியரின் பக்கத்தில் நின்று நோக்கின், உண்மையை மறைப்பவன் குற்றத்திற்குத் துணைபோகின்றான். மாணவரின் பக்கத்தில் நின்று நோக்கின், தோழனைக் காட்டிக்கொடுப்பவனே இழிந்தவன். இவ்விரு தீர்ப்புகளும் ஒரே வகுப்பறையில் அருகருகே வாழ்வது வியப்புக்குரியதன்று. ஜெனீவாவில் சிறுவரோடு உரையாடி, அவர்தம் ஒழுக்கத் தீர்ப்புகளை ஆராய்ந்து 1932 இல் நூலொன்றை வெளியிட்ட உளவியலாளர் ஜீன் பியாஜே இம்முரண்பாட்டைக் கண்டார். சகோதரன் செய்த தவறு பற்றித் தந்தை வினவினால் சொல்லவேண்டும் என்றே இளஞ்சிறுவரிற் பெரும்பாலோர் கூறினர். சற்று வளர்ந்தோரிற் பெரும்பாலோர் சொல்லலாகாது என்றனர். இம்மாற்றத்தை அவர் ஒழுக்கச் சிதைவாகக் கொள்ளவில்லை. பெரியோரின் ஆணைக்குப் பணிதலிலிருந்து சமமானவரிடையே தோன்றும் ஒருமைப்பாட்டிற்குச் சிறுவர் நகர்வதையே அவர் அதிற் கண்டார். எனவே வகுப்பறை மௌனத்தை வெறும் பிடிவாதமென ஒதுக்குதல் இயலாது. அதனுள்ளே ஒரு நீதியுணர்வின் முளையும் உண்டு.

இம்முளை எத்தகைய மண்ணில் வளர்கின்றது என்பதும் நோக்கற்பாலது. மாணவரைக் கொண்டே மாணவரைக் கண்காணிக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பழைய திண்ணைப் பள்ளிகளிலே சட்டாம்பிள்ளை இருந்தான். இங்கிலாந்திலே ரக்பி பாடசாலைக்கு 1828 முதல் 1842 வரை தலைமையாசிரியராகவிருந்த தோமஸ் ஆர்னல்ட் மேல்வகுப்பு மாணவரிடம் ஒழுங்கைப் பேணும் பொறுப்பை ஒப்படைத்தார். அம்மரபு குடியேற்ற ஆட்சியின் வழியே நமது பாடசாலைகளுக்கும் வந்து மாணவ முதல்வர் பதவியாக நிலைத்தது. ஆசிரியர் இல்லாத பாடவேளையில் கரும்பலகையின் மூலையிற் 'கதைத்தோர்' என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதும் வகுப்புத் தலைவனை அறியாதார் யார்? அவன் எழுதுகின்ற பெயர்களைவிட எழுதாமல் விடுகின்ற பெயர்களையே வகுப்பு கூர்ந்து நோக்குகின்றது. நெருங்கிய நண்பனின் பெயர் விடுபடும்போது, சாட்சி சொல்லல் என்பது பாரபட்சத்தின் கருவியாகவும் மாறலாம் என்பதை மாணவன் தன் முதற் பாடமாகக் கற்கின்றான்.

இன்னொன்றும் உண்டு. 'காட்டிக்கொடுத்தல்' என்ற சொல் நமது சமூகத்தில் இலேசான சொல் அன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்திலே, சுற்றிவளைப்புகளின்போது முகம் மறைத்து நிறுத்தப்பட்ட 'தலையாட்டி'யின் ஓர் அசைவு ஒரு மனிதனின் வாழ்வை முடித்துவிடக் கூடியதாயிருந்தது. துரோகி என்ற பட்டமும் அவ்வாறே உயிர் குடித்தது. அத்தகைய நினைவுகளைச் சுமக்கும் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைக்கு, ஆசிரியர் முன் ஒரு பெயரைச் சொல்லுதல் யன்னற் கண்ணாடியோடு முடிந்துபோகும் விடயம் அன்று. உண்மை பேசுமாறு கோருபவர், அவ்வுண்மை எங்கே போய்ச் சேரும் என்ற ஐயத்திற்கும் விடை கூறக் கடமைப்பட்டவராவர்.

இனி, மௌனமும் பொய்யும் ஒன்றா என்பதை ஆராய்வோம். ஜேர்மனிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1797 இல் எழுதிய கட்டுரையொன்றில், நண்பனைக் கொல்ல வருபவன் அவன் இருக்குமிடத்தை வினவினாலும் பொய் கூறலாகாது என வாதிட்டார். திருவள்ளுவரோ 'வாய்மை' அதிகாரத்திலே, பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என வரையறுத்து, குற்றமற்ற நன்மை தருமாயிற் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கின்றார். இவ்விருவருக்குமிடையே நடுவராக நிற்பது இங்கு நமது நோக்கமன்று. காண்டைப் பின்பற்றுவோரும் மறுக்கவியலாத வேறுபாடு ஒன்றுண்டு. "எனக்குத் தெரியாது" என்பது பொய். "தெரியும், ஆயினும் சொல்லேன்" என்பது பொய்யன்று. பின்னையதைக் கூறுபவன் தண்டனையைத் தானே ஏற்க முன்வருகின்றான். நாற்பது பேரின் நடுவே தலைகுனிந்து கரைந்துபோகும் மௌனத்திற்கு அத்தகைய விலை எதுவும் இல்லை. ஆகவே, தோழமையின் பெயராலே போற்றப்படும் மௌனத்திற் பெரும்பகுதி அச்சமும் அக்கறையின்மையுமே எனல் மிகையாகாது.

ஆயின், கேள்வி கேட்பவரும் விசாரணைக்குரியவரே. ஒருவனின் செயலுக்காக நாற்பது பேரைத் தண்டித்தல் எந்த நீதி? போர்க்காலத்திற்கூடக் கூட்டுத் தண்டனையை 1949 ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை தடைசெய்கின்றது. பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மனித கண்ணியத்திற்கு இசைந்ததாயிருத்தல் வேண்டும் என வற்புறுத்தும் சிறுவர் உரிமைகள் உடன்படிக்கையை இலங்கை 1991 இல் ஏற்றது. உடலியல் தண்டனைக்கு எதிராகக் கல்வி அமைச்சு 2005 இலும் 2016 இலும் சுற்றுநிருபங்களை வெளியிட்டது. கூட்டுத் தண்டனை உண்மையை வெளிக்கொணர்வதில்லை. தண்டிப்பவருக்கு எதிராக வகுப்பை ஒன்றுசேர்க்கின்றது. அளவுக்கு மிஞ்சிய தண்டனை காத்திருக்கும் இடத்திலே, மௌனம் நண்பனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே கேடயமாகின்றது.

அவ்வாறாயின் மௌனத்தை அளக்கும் கோல் யாது? அம்மௌனம் யாரைப் பாதுகாக்கின்றது, அதன் விலையை யார் செலுத்துகின்றார் என்னும் இரு வினாக்களே அக்கோல் எனலாம். அதிகாரத்தின் மிகையான கையிலிருந்து எளியவனைக் காக்கும் மௌனம் மதிக்கத்தக்கது. வலியவனை எளியவனிடமிருந்து காக்கும் மௌனம் கொடுமையின் பங்காளியாகும். கண்ணாடிக்கு ஆளுக்கொரு தொகை கொண்டுவருமாறு பணிக்கப்படுகையில், வசதியுள்ளவனுக்கு அது சிறு செலவு. கூலித் தொழிலாளியின் மகளுக்கு அது ஒரு நாட் பாடசாலை வரவையே இழக்கச் செய்வது. அரசினர் பாடசாலையின் யன்னல் எவருக்கும் சொந்தமன்று என்பது மயக்கம். அது அவளுக்கும் சொந்தம். பின்வாங்கில் இருக்கும் ஒருவனின் உணவுப் பெட்டி நாள்தோறும் பறிக்கப்படுவதை வகுப்பே அறிந்திருந்தும் வாய் திறவாதிருக்குமாயின், அங்கே தோழமை என்ற சொல்லுக்கு இடமேயில்லை. பறிகொடுப்பவனும் அவ்வகுப்பினன் அல்லனோ?

"அப்படியாயின் நாம் ஒற்றராக வேண்டுமா?" என்ற மறுப்பு எழலாம். சொல்லும் கடமை முதலிற் செய்தவனையே சாரும். நண்பனின் கடமை, ஆசிரியரிடம் செல்லுமுன் அவனிடம் செல்வதாகும். நட்பு கூடிச் சிரிப்பதற்கானதன்று, எல்லை மீறும்போது கண்டித்துத் திருத்துவதற்கானது என்பது வள்ளுவரின் கருத்து. "நீ எழுந்து சொல், நான் உன்னருகில் நிற்கின்றேன்" என்று கூறக்கூடிய நண்பன் காட்டிக்கொடுப்பவனும் அல்லன், மறைப்பவனும் அல்லன். அதுவும் பயனற்றுப் போய், எளியவன் ஒருவன் தொடர்ந்து துன்புறும் நிலையில், பெயரைச் சொல்லுதல் புறங்கூறலாகாது, அது சாட்சியாகும். புறங்கூறுபவன் தன் நலங்கருதி மறைவிற் பேசுகின்றான். சாட்சி பிறர் துயர் கருதித் தன் பெயரோடு பேசுகின்றான்.

பாடசாலையிற் கற்ற மௌனம் பாடசாலையோடு முடிவதில்லை என்பதை இவ்விதழைப் படிப்போர்க்கு விளக்க வேண்டியதில்லை. கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையைத் தடைசெய்யும் 20 ஆம் இலக்கச் சட்டம் 1998 இல் நிறைவேறியது. சட்டம் தண்டனையை விதிக்கலாம்; சாட்சியை அதனாற் படைக்க முடியாது. விடுதியின் பின்னிரவில் ஒரு புதிய மாணவன் அவமதிக்கப்படுகையில் சுற்றிநிற்போர் காக்கும் அமைதி, பத்தாம் வகுப்பிலே 'ஒற்றுமை' என்ற பெயரில் நாம் பழகியதே. அந்த ஒற்றுமை யாருக்கு எதிரானது என்று அன்று நாம் கேட்கவில்லை. நாளை நம்முட் பலர் ஆசிரியராகவும் அதிபராகவும் அதே வகுப்பறைகளுக்குத் திரும்பவுள்ளோம். உண்மை சொன்னவன் தண்டனையின் மிகையாலும் தோழரின் வெறுப்பாலும் நசுக்கப்படாத ஒரு வகுப்பறையை அமைத்த பின்னரே, "யார் செய்தது?" என்று கேட்கும் உரிமை நமக்கு முழுமையாக உரியதாகும்.