எழுத்தாணி நின்ற இடம்

2021 ஏப்ரல், மே மாதங்களில், கோவிட் அலையின்போது, சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் நின்ற வரிசையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கையில் டாக்டர் சீட்டு, ஆதார் நகல், காதில் போன். எல்லோரும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றார்கள்: ரெம்டெசிவிர். அந்த வரிசைக்கு இரண்டு வருடம் முன்பே, அந்த மருந்தின் தாய் மூலக்கூறு அமெரிக்காவில் சாகக் கிடந்த பூனைகளை எழுப்பி உட்கார வைத்திருந்தது. அந்தப் பூனைகளின் நோயைப் பற்றியும், மருந்து அவற்றிடம் போய்ச் சேர்ந்த கோணல் வழியைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

நோயின் முழுப்பெயர் நீளம். தமிழில் சொன்னால் பூனைகளின் தொற்று வயிற்றறை அழற்சி. பூனை வளர்ப்பவர்கள் எஃப்.ஐ.பி. என்று சொல்லிவிடுகிறார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். பாஸ்டன் நகரில் ஏஞ்செல் விலங்கு மருத்துவமனையில் பணியாற்றிய ஜீன் ஹோல்ஸ்வர்த் என்ற மருத்துவர் 1963இல் இதை முதன்முதலாக விவரித்தார். அதன்பின் ஐம்பது வருடத்துக்கும் மேலாக இந்த நோய்க்கு ஒரே பதில்தான்: ஊசி போட்டு நிம்மதியாக அனுப்பிவிடுங்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பிரெட்னிசலோன் கொடுத்தால் சில நாள் தள்ளும். அவ்வளவே.

இதற்குக் காரணமான வைரஸைப் பார்த்தால் அப்படியொன்றும் பயங்கரமாகத் தெரியாது. அது பூனைக் குடலில் வாழும் ஒரு கொரோனா வைரஸ். பல பூனைகள் ஒன்றாக இருக்கும் வீட்டில், காப்பகத்தில், கிட்டத்தட்ட எல்லாப் பூனைக்கும் இது வந்து போகும். மலத்தில் வெளியேறும், மண்தட்டு வழியாக அடுத்த பூனைக்குத் தொற்றும், இரண்டு நாள் வயிற்றுப்போக்கு கொடுக்கும். பல நேரம் அதுகூட இருக்காது. தொற்று கண்ட பூனைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றில்தான் கதை மாறுகிறது. பெரும்பாலும் இரண்டு வயது நிரம்பாத குட்டிகள் அவை.

மாறுவது பூனைக்குள்ளேதான் நடக்கிறது. வைரஸ் தன்னைத் தானே படியெடுக்கும்போது பிழை விழும். அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று, குடல் செல்லை விட்டுவிட்டு மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணுவுக்குள் குடியேறும் திறமையை அதற்குக் கொடுத்துவிடுகிறது. விழுங்கணு யார் என்றால் உடம்பின் காவல்காரன். கிருமியைத் தேடிப் பிடித்து விழுங்குவதுதான் அதன் வேலை. திருடன் காவல்காரனின் சட்டையைப் போட்டுக்கொண்டான் என்று சொன்னால் போதாது, காவல்காரனின் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டான். இனி ரத்தம் போகும் இடமெல்லாம் அவனும் போவான். ரத்தக்குழாய்ச் சுவர்கள் வீங்கிக் கசியத் தொடங்கும். நீர் வயிற்றிலோ நெஞ்சறையிலோ தேங்கினால் ‘வெட்’ வகை. நீர் தேங்காமல் சிறுநீரகம், கல்லீரல், கண், மூளை என்று முடிச்சு முடிச்சாகக் கட்டினால் ‘டிரை’ வகை. நோயுற்ற பூனையிடமிருந்து பக்கத்துப் பூனைக்கு இந்த மாறிய வைரஸ் பொதுவாகத் தாவுவதில்லை. ஒவ்வொரு பூனையும் தன் சாவைத் தனக்குள்ளேயே புதிதாகச் செய்துகொள்கிறது. ‘பொதுவாக’ என்று போட்டிருக்கிறேன், அதற்குக் காரணம் உண்டு. பின்னால் வருகிறேன்.

தடுப்பூசி போட்டால் ஆகாதா என்று யாருக்கும் தோன்றும். ஆராய்ச்சியாளர்களுக்கும் தோன்றியது. 1990இல் வெளியான ஒரு பரிசோதனையில், இந்த வைரஸின் முள் புரதத்தை வாக்சினியா என்ற வேறொரு வைரஸில் ஏற்றிப் பூனைக்குட்டிகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு உண்மை வைரஸைக் கொடுத்துப் பார்த்தால், தடுப்பூசி போட்ட குட்டிகள் போடாத குட்டிகளைவிடச் சீக்கிரம் செத்தன. உடம்பு தயாரித்த ஆன்டிபாடி வைரஸோடு ஒட்டிக்கொள்ள, அந்த இரண்டையும் சேர்த்து விழுங்கணு ஆசையாக விழுங்க, வைரஸுக்கு வாசல் திறந்துவிடுகிற வேலையைப் பாதுகாப்புப் படையே செய்துவிட்டது. மறுவருடம் அமெரிக்காவில் மூக்கில் விடும் ஒரு தடுப்பு மருந்து விற்பனைக்கு வந்தது. பெரிதாகப் பயன்படவில்லை. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் ஆபத்து, குறைத்தால் தாமதம் என்ற நிலையில் மிஞ்சிய வழி ஒன்றுதான்: வைரஸ் படியெடுப்பதையே நிறுத்துவது.

அதற்கு முன் இது எஃப்.ஐ.பி.தானா என்று கண்டுபிடிக்க வேண்டுமே. இதிலும் ஒரே சோதனையில் முடிவு சொல்ல முடியாது. குடலில் இருக்கும் சாது வைரஸுக்கும் இதற்கும் ஆன்டிபாடிச் சோதனையில் வித்தியாசம் தெரியாது. ரத்தத்தில் அல்புமின், குளோபுலின் என்ற புரதங்களின் விகிதம் 0.4க்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை ரிவால்டா. ஒரு கண்ணாடிக் குழாயில் ஏழெட்டு மில்லி காய்ச்சி வடித்த தண்ணீர். அதில் ஒரே ஒரு சொட்டு அசெட்டிக் அமிலம், அதாவது வினிகரின் சரக்கு. பூனை வயிற்றிலிருந்து எடுத்த நீரைப் பார்த்தால் வைக்கோல் மஞ்சளாக, முட்டை வெள்ளைக்கருபோல் இழுபடும். அதில் ஒரு சொட்டை மெதுவாக மேலே விடுகிறார்கள். கரைந்து மறைந்தால் நிம்மதி, பெரும்பாலும் எஃப்.ஐ.பி. இல்லை. கரையாமல் மேற்பரப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினாலோ, கடலில் சொறிமீன் இறங்குவதுபோல் உருக்குலையாமல் மெல்ல இறங்கினாலோ பாசிட்டிவ். புற்றுநோயிலும் பாக்டீரியாத் தொற்றிலும் இப்படி வரலாம் என்பதால் இதை மட்டும் நம்பக்கூடாது. ஆனாலும் சில ரூபாய் செலவில், மேசை மேலேயே, கண்ணெதிரே தெரியும் சோதனை இது.

இனி மருந்து. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பெடர்சன் என்ற கால்நடை மருத்துவ அறிஞர் இருந்தார். 1960களில் மாணவராக இருந்த காலத்திலேயே இந்த நோயைக் கையில் எடுத்தவர், ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. முந்தைய முயற்சிகளின் கணக்கு அவருக்கு அத்துப்படி. 1990களில் ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைப் போட்டுப் பார்த்தார்கள். வைரஸைவிடப் பூனையைத்தான் அது அதிகம் வாட்டியது.

முதல் வெளிச்சம் கான்சாஸிலிருந்து வந்தது. கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் யுன்ஜியோங் கிம், கியோங்-ஓக் சாங் ஆகியோரும் விச்சிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் வில்லியம் குருடாஸும் சேர்ந்து ஜிசி376 என்ற பொருளை உருவாக்கினார்கள். கொரோனா வைரஸ் தன் புரதங்களை ஒரே நீள வடமாகத் தயாரித்து, பிறகு கத்தரித்துத் தனித்தனியாக்கிக்கொள்ளும். ஜிசி376 அந்தக் கத்தரியின் வாயில் போய்ச் செருகிக்கொள்கிறது. 2016இல் சோதனைக்கூடத்தில் நோயேற்றிய எட்டுப் பூனைகளில் ஆறு பிழைத்தன. அதன்பின் பெடர்சன் குழு வீட்டுப் பூனைகள் 20க்குக் கொடுத்துப் பார்த்தது. 19 தேறின. ஆனால் பலவற்றுக்கு நோய் திரும்பியது. முடிவை வெளியிட்டபோது ஏழுதான் நோயின்றி இருந்தன. மூளைக்குப் போன வைரஸை மருந்தால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. குட்டிகளுக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைப்பதிலும் தடங்கல் வந்தது. இருந்தாலும், அடிக்கவே முடியாது என்றிருந்த வைரஸுக்கு அடி விழும் என்பது நிரூபணமானது.

இரண்டாவது மருந்துதான் நாம் தேடி வந்தது. கிலியட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் அலமாரியில் ஜிஎஸ்-441524 என்ற எண்ணோடு இருந்த மூலக்கூறு. பூனைக்காரர்கள் சுருக்கமாக ‘ஜிஎஸ்’ என்பார்கள். இது வேலை செய்யும் விதத்தைப் பழைய ஏடு பெயர்த்தெழுதுகிறவரை வைத்து விளக்கலாம். வைரஸின் மரபுச் செய்தி சுமார் 29,000 எழுத்து நீளம். ஆனால் எழுத்துகள் நாலே நாலுதான். அதைப் படியெடுக்க வைரஸிடம் ஒரு நொதி இருக்கிறது. அதுதான் எழுத்தாணி பிடித்த கை. ஜிஎஸ் அந்த நாலில் ஒன்றான அடினோசினைப்போலவே வேஷம் போட்டது. செல்லுக்குள் நுழைந்ததும் மூன்று பாஸ்பேட்டை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டத்தில் கலந்துவிடும். நொதி ஏமாந்து அதை எடுத்து எழுதிவிடுகிறது.

இங்கேதான் சூட்சுமம். கொரோனா வைரஸ்களுக்குப் பிழை திருத்தும் ஆளும் கூடவே உண்டு; கடைசியாக எழுதிய எழுத்து தப்பென்றால் சுரண்டிவிட்டு மறுபடி எழுதும். ரிபாவிரின் போன்ற போலி எழுத்துகள் தோற்பதற்கு இவரும் ஒரு காரணம். இந்தப் போலியோ எழுதப்பட்ட உடனே நிறுத்துவதில்லை. இன்னும் மூன்று எழுத்து எழுத விடுகிறது. அதற்குப் பிறகுதான் எழுத்தாணி முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது திருத்துகிறவர் ஓடி வந்து பார்த்தால் நுனியில் இருப்பதெல்லாம் சரியான எழுத்து. குற்றவாளி மூன்று எழுத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. படி பாதியில் நின்றுவிடும். ரெம்டெசிவிர் என்பது இதே ஜிஎஸ்தான். செல்லுக்குள் எளிதாக நுழைய முதல் பாஸ்பேட்டை முன்கூட்டியே மாட்டி, அதன்மேல் ஒரு போர்வை போர்த்தியது, அவ்வளவுதான் வித்தியாசம். பூனைக்கு ரெம்டெசிவிரை ஏற்றினால் ரத்தத்தில் சீக்கிரமே ஜிஎஸ்ஸாகத்தான் மாறுகிறது.

2018இல் பெடர்சன் குழு ஜிஎஸ்ஸைச் சோதனைக்கூடப் பூனைகள் பத்துக்குக் கொடுத்தது. இரண்டுக்கு இரண்டாம் முறை தேவைப்பட்டது, பத்தும் பிழைத்தன. 2019இல் வீட்டுப் பூனைகள் 31 வந்தன. தினம் ஒரு ஊசி, தோலுக்கடியில், குறைந்தது 12 வாரம், அதாவது 84 நாள். கரைசல் கடும் அமிலத்தன்மை உடையது, அதனால் எரியும். ஊசியை எடுத்தாலே கட்டிலுக்கடியில் ஓடும் பூனையைத் துண்டில் சுற்றி, ஒருவர் பிடரியைப் பிடிக்க ஒருவர் குத்த வேண்டும்; குத்திய இடம் சில நேரம் புண்ணாகும். இருந்தும் பலன் கண்கூடாக இருந்தது. 12 முதல் 36 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது, பூனை தட்டருகே வந்து உட்கார்ந்தது. ஓரிரு வாரத்தில் வயிற்று நீர் வற்றத் தொடங்கியது. ஐந்து பூனைகள் தவறின. முழுச் சிகிச்சை பெற்ற 26இல் எட்டுக்கு நோய் திரும்ப, மருந்தின் அளவைக் கூட்டி மறுபடி கொடுத்தார்கள். 25 நீண்ட நாள் பிழைத்தன.

கிலியட் ஜிஎஸ்ஸைக் கால்நடை மருந்தாகக் கொண்டுவர முன்வரவில்லை. ரெம்டெசிவிரை மனிதர்களுக்கு அனுமதி வாங்கும் முயற்சி ஓடிக்கொண்டிருந்தது. பூனைகளிடம் ஏதாவது பக்கவிளைவு தென்பட்டால் அது அந்த அனுமதிக்கு இடைஞ்சலாகலாம் என்று நிறுவனம் அஞ்சியதாகப் பெடர்சன் சொன்னார். வியாபாரக் கணக்கில் அது நியாயமாக இருக்கலாம். ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாகிவிட்டது, மூலக்கூறின் படம் அதிலேயே இருக்கிறது. சில மாதங்களில் சீனத்திலிருந்து குப்பிகள் வரத் தொடங்கின. சில ‘சத்து மருந்து’ என்று லேபிள் ஒட்டி வந்தன. ஃபேஸ்புக் குழுக்களில் ஊர்பேர் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் அளவு கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். வாராவாரம் எடை பார்த்து, எடை கூடினால் மருந்தும் கூட்ட வேண்டும் என்பதைப் பல டாக்டர்கள் இந்த வளர்ப்பாளர்களிடமிருந்துதான் கற்றார்கள். 2021இல் இப்படி வீட்டிலேயே மருந்து பெற்ற 393 பூனைகளின் விவரத்தைத் திரட்டியபோது 96.7 சதவீதம் உயிரோடு இருந்தன. சிகிச்சையை முடித்தவர்கள் நிரப்பிய கணக்கெடுப்பு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். பின்னர் டேவிஸில் கள்ளச்சந்தைக் குப்பிகளைச் சோதித்தால், லேபிள் சொன்ன அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. வேடிக்கை என்னவென்றால், பலவற்றில் சொன்னதைவிடக் கூடுதலாகவே இருந்தது.

மியூனிக் பல்கலைக்கழகம் இதை முறையான சோதனைக்குள் இழுத்து வந்தது. 18 பூனைகளுக்கு ஊசி இல்லாமல் வாய்வழியாகக் கொடுத்தார்கள். 2021இல் முடிவு வந்தது: பதினெட்டும் தேறின. அதே ஆண்டு பிரிட்டனில் டாக்டர் சீட்டோடு சட்டப்படி வாங்க வழி பிறந்தது. அமெரிக்காவில் 2024 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சூரை மீன் மணத்தோடு மாத்திரையாக வந்தது.

‘பொதுவாக’ என்றேனே, அதற்கு வருகிறேன். சைப்ரஸ் தீவில் மனிதனும் பூனையும் 40 சென்டிமீட்டர் இடைவெளியில் புதைக்கப்பட்ட 9,500 ஆண்டுப் பழைய குழி ஒன்று உண்டு. அந்தத் தீவுக்குப் பூனையோடு அவ்வளவு நாள் உறவு. 2023இல் அங்கே எஃப்.ஐ.பி. கொள்ளைநோய்போல் பரவியது. எடின்பரோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் சைப்ரஸ் மருத்துவர்களும் பிரித்துப் பார்த்தால், பூனைக் கொரோனா வைரஸ் ஒரு நாய்க் கொரோனா வைரஸின் முள் புரதத்தை வாங்கி மாட்டிக்கொண்டிருந்தது. அது பூனையிடமிருந்து பூனைக்கு நேரடியாகத் தாவியது. எஃப்சிஓவி-23 என்று பெயர் வைத்தார்கள். மூன்று லட்சம் பூனைகள் செத்தன என்று பத்திரிகைகள் எழுதியது மிகை. ஆய்வகத்தில் உறுதியானவை நூற்றுக்கணக்கில்தான். ஆனால் அரசு அசைந்தது. ஆகஸ்டில், மனிதர்களுக்கென்று வாங்கி வைத்து மீந்துபோன கோவிட் மாத்திரை மோல்நுபிராவிரைப் பூனைகளுக்குத் திறந்துவிட்டது. அது படியில் பிழைக்குமேல் பிழை விழச் செய்து வைரஸைக் குலைக்கும் மருந்து. மனிதனுக்கென்று வாங்கிய மருந்து பூனைக்கு வந்து சேர்ந்தது.

84 நாள் என்ற கணக்கும் இப்போது ஆட்டம் காண்கிறது. 2024இல் மியூனிக் குழு, நீர் தேங்கிய 40 பூனைகளைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதிக்கு 42 நாள் மட்டும் கொடுத்தது. 38 பிழைத்தன, நாள் குறைந்ததால் பலன் குறையவில்லை. செலவு பாதி. கண்ணிலோ மூளையிலோ நோய் இருந்தால் இந்தக் கணக்கை அப்படியே எடுக்கக் கூடாது. அங்கே அளவே அதிகம் தேவை.

வீட்டில் இரண்டு வயதுக்குள் ஒரு பூனை இருந்து, ஆன்டிபயாட்டிக்குக்கும் இறங்காத காய்ச்சலும், உடம்பு இளைக்க வயிறு மட்டும் உப்புவதும் கண்டால், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். பெடர்சனின் 31 பூனைகளில் தவறியவை ஐந்து என்றேன். அவற்றில் நான்கு, மருந்து தொடங்கி இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் போனவை. வந்து சேரும்போதே நோய் முற்றியிருந்தது.