சிலந்தியைப் போத்தலில் வளர்க்கலாமா?

கல்முனைப் பக்கத்தில் வீட்டுப் பிராணி என்றால் பூனை, கிளி, புறா, மிஞ்சினால் கண்ணாடித் தொட்டியில் நாலைந்து மீன்கள். சிலந்தியை ஒருவன் ஆசையோடு வளர்க்கிறான் என்று சொன்னால் மருதமுனையிலோ சம்மாந்துறையிலோ யாரும் நம்பமாட்டார்கள். நம் வீடுகளில் சிலந்திக்குக் கிடைப்பது தும்புத்தடி அடிதான். ஆயினும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் பெரிய சிலந்திகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து வளர்க்கிறார்கள். அவர்கள் விரும்பித் தேடுவனவற்றுள் நம் நாட்டு மரச் சிலந்திகளும் உண்டு. வாங்குகிறவன் தூரத்தில் இருந்தாலும் வாங்கப்படுவது நம் மரத்தில் இருந்தது. ஆகவே இது சரியா தவறா என்ற கேள்வி நம்முடையதும் ஆகும்.

பொயிசிலோதீரியா என்று அறிவியலார் அழைக்கும் இச்சிலந்திகள் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழ்பவை. சிங்களத்தில் திவி மகுளுவா என்பர். வடபகுதியில் புலிமுகச் சிலந்தி என்பர். கால்களை விரித்தால் சில இனங்கள் சுமார் 20 சென்ரிமீற்றர் அகலம் வரும். பழைய மரங்களின் பொந்துகளிலும் பட்டை இடுக்குகளிலும் வாழ்ந்து, இரவில் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். தாயும் குஞ்சுகளும் ஒரே பொந்தில் சில காலம் கூடி வாழ்வதும் உண்டு. கடித்தால் கடும் வேதனையும் தசைப்பிடிப்பும் உண்டாகி நாட்கணக்கில் நீடிக்கலாம். ஆனால் இதன் கடியால் மனிதர் எவரும் இறந்ததாக உறுதிப்படுத்தப்பட்ட செய்தி இல்லை.

2009ஆம் ஆண்டில் வடக்கில் ஊரவர்கள் அடித்துக் கொன்ற ஒரு சிலந்தி, ஆய்வாளர் ரணில் நாணயக்காரவின் கைக்கு வந்தது. அது அதுவரை அறியப்படாத இனம் என்று தெரிந்தது. பின்பு மாங்குளம் வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதியிலும் அவ்வினம் காணப்பட்டது. 2012இல் அதற்குப் பெயர் சூட்டியபோது, ஆய்வுக்குத் துணைநின்ற பொலிஸ் அதிகாரி மைக்கல் ராஜகுமார் புராஜாவின் நினைவாக 'ராஜேயி' என்று சூட்டினார்கள். நாம் பெயர் அறியுமுன்னரே அடித்துக் கொன்ற உயிர் அது.

இனி, வளர்ப்பவனின் நியாயத்தைக் கேட்போம். "நீங்கள் கண்டவுடன் கொல்லுகிறீர்கள், நானோ உணவும் நீரும் கொடுத்துப் பத்தாண்டுக்கு மேலும் உயிரோடு வைத்திருக்கிறேன். பறவையைக் கூட்டில் அடைத்தால் அது சிறகடித்துத் தவிக்கும். இது பொந்தில் இருந்தாலும் பெட்டியில் இருந்தாலும் அசையாமல் இருப்பதுதானே! யாருக்கு நான் தீங்கு செய்தேன்?" இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. கொல்லுகிறவனைவிட வளர்க்கிறவன் சிலந்தியைக் கவனித்துப் பார்த்திருக்கிறான் என்பது உண்மை.

நம் அயலவரான முஸ்லிம் மக்களிடையே வழங்கும் ஹதீஸ்களில் இதற்கு நெருங்கிய செய்திகள் உள்ளன. அபூ உமைர் என்னும் சிறுவன் வளர்த்த சிறு பறவை இறந்தபோது நபிகள் அவனிடம் அன்போடு அதைப்பற்றி விசாரித்தார். நன்கு பராமரித்தால் பறவை வளர்க்கலாம் என்பதற்கு அறிஞர்கள் இதனைச் சான்றாகக் காட்டுவர். மற்றொன்று, பூனையைக் கட்டிவைத்து உணவும் கொடாமல், தானே தேடித் தின்ன அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டனை பெற்றது பற்றியது. அடைத்து வைத்தவன் அடைத்ததற்குப் பொறுப்பாளி என்பது இவற்றின் கருத்து. நம் ஆதியாகமத்திலும் மனிதன் உயிர்களுக்குப் பெயரிடுகிறான். தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் அமர்த்தப்படுகிறான். தனக்கு வேண்டியதை அள்ளிக்கொள்ள அமர்த்தப்படவில்லை.

ஆயின் உணவு கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்துவிடுமா? குர்ஆன் விலங்குகளையும் பறவைகளையும் மனிதரைப் போன்ற சமுதாயங்கள் என்று பேசுகிறது. இந்தச் சொல்லை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். ஒரு சமுதாயத்திலிருந்து ஒருவரைத் தூக்கிச் சென்று அவருக்கு மூன்று வேளை சோறு போட்டால், அச்சமுதாயத்துக்குச் செய்த தீங்கு தீர்ந்துவிடாது. பொந்திலிருந்து முட்டைப் பையோடு ஒரு தாய்ச் சிலந்தியை எடுத்தால் அந்த மரத்தின் அடுத்த தலைமுறையே போய்விடும்.

"நான் வாங்கியது பெட்டியிலேயே பிறந்த குஞ்சு" என்று ஒருவன் சொல்லலாம். அது மெய்யானால் அவன் குற்றம் சிறியது. ஆனால் அதனால் இனம் காப்பாற்றப்படுகிறது என்று பெருமை கொள்ளலாகாது. ஆந்திராவில் குத்தி என்னும் ஊரின் புகையிரத மரக்கிடங்கில் கிடைத்த நீலநிறச் சிலந்தியைப் பாருங்கள். 1899இல் விவரிக்கப்பட்ட அவ்வினம் இன்று பல நாடுகளில் கண்ணாடிப் பெட்டிகளில் பெருகியிருக்கிறது. அதன் சொந்தக் காடு நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையில் சிறிய பரப்பில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. 2008இல் அதனை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தார்கள். போத்தல் சிலந்தியின் உடலைக் காக்கலாம். அதன் காட்டைக் காக்காது.

சட்டமும் இதை உணர்ந்துள்ளது. 2018இல் ஐக்கிய அமெரிக்கா இலங்கைக்குரிய ஐந்து இனங்களை அழிவுறும் இனங்களாகப் பட்டியலிட்டது. 2019இல் ஜெனீவாவில் நடந்த மாநாட்டில் இலங்கையும் அமெரிக்காவும் கேட்டுக்கொண்டபடி, இப்பேரினம் முழுவதும் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டின் இரண்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. இனி அனுமதிப்பத்திரம் இன்றி எல்லை கடத்துவது குற்றம்.

ஆனால் குற்றத்தை வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட்டு நாம் கை கழுவ முடியாது. இச்சிலந்திகள் குறைவதற்கு முதற் காரணம் வாழிடம் அழிவதே. சேகரிப்பவன் பொந்திலிருந்து ஒன்றை எடுக்கிறான்; மரத்தைத் தறிப்பவன் பொந்தையே எடுத்துவிடுகிறான். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நமக்கு நீரும் நெல்லும் தந்தது. அதை யாரும் குறைகூற முடியாது. ஆனால் அதற்காகப் பெருங்காடு போனது. கரையோர ஊர்களில் வீட்டோடு வீடு ஒட்டி வளவுகள் சுருங்கிவிட்டன. பழைய புளியும் வேம்பும் ஒவ்வொன்றாய் விழுகின்றன. பொந்து இழந்த உயிர் வீட்டுக்குள் நுழைந்தால் நாம் பயந்து அடிக்கிறோம்.

பொந்து பொந்தாய்த் தேடிப் பிடித்துக் கொடுத்தால் காசு தருகிறேன் என்று வறிய இளைஞன் ஒருவனிடம் தரகன் ஒருவன் கேட்டால், அவன் என்ன செய்வான்? வீட்டில் அடுப்பு எரியாதபோது சிலந்தியின் உரிமை அவன் காதில் ஏறாது. அவனைத் திருடன் என்று சொல்லுமுன், அவனுக்கு வேறு தொழில் கொடுத்தோமா என்று நம்மைக் கேட்க வேண்டும். காட்டைக் காக்க வேண்டுமானால் காட்டருகே வாழும் குடும்பமும் வாழ வேண்டும்.

வளர்ப்பவன் செய்வது சொந்தமாக்குதல். அடிப்பவன் செய்வது இல்லாமலாக்குதல். இரண்டிலும் அந்த உயிர் தன் இடத்தில் தன்பாட்டில் இருப்பதற்கு இடமில்லை. அழகானதை எல்லாம் கையில் பிடிக்க வேண்டும் என்பதும், பயங்கரமானதை எல்லாம் ஒழிக்க வேண்டும் என்பதும் குழந்தைப் பருவத்துக் குணங்கள். வளர்ந்தவனுக்கு மூன்றாவது வழி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அது விட்டுவைத்தல்.

ஆகவே காட்டில் பிடித்த சிலந்தியைப் போத்தலில் அடைப்பது தவறே; விலை கொடுத்து அதைத் தூண்டுவது அதனிலும் பெரிய தவறு. நம் பங்குக்கு, அடுத்த முறை சுவரில் பெரிய சிலந்தியைக் கண்டால் வெறுங்கையால் தொடாது, அகன்ற வாயுள்ள பாத்திரத்தால் மூடி, அடியில் மட்டை ஒன்றைச் செருகி, வளவின் கோடியில் உள்ள மரத்தடியில் விட்டுவிடலாம். அதற்கு அங்கே ஒரு மரம் நிற்க வேண்டும்.