விருப்பப் பட்டியல்

மனத்தில் எழும் விருப்பத்தை எழுதி வைத்தால் ஆசை அடங்குமா, வளருமா? அண்மையில் இவ்வினா நம்மை வெகுவாகச் சிந்திக்க வைத்தது.

இணைய அங்காடிகளில் 'விருப்பப் பட்டியல்' என ஒரு பகுதி உண்டு. வாங்க எண்ணும் பொருளை அதிற் குறித்து வைக்கலாம். நாமும் குறித்தோம். விலை சற்றே இறங்கினாலும் கைபேசி மணியொலித்து அறிவித்தது. நீறு பூத்த ஆசையை ஊதி மூட்டும் வேலை அது. வணிகரைக் குறை கூறுவானேன்? விற்பது அவர் தொழில்.

"வாப்பா, விற்பவர் கையிலேயே பட்டியலைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?" என்று நகைத்த நம் மகன், கூகுள் நிறுவனம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட 'கீப்' எனும் குறிப்பேட்டைத் திறந்து தந்தார். அதில் விலை இல்லை. விளம்பரப் படம் இல்லை. வரிக்கு ஒரு கட்டம். விருப்பம் நிறைவேறியபின் கட்டத்தைத் தொட்டால் அவ்வரி அடியிற் போய்த் தங்கிவிடும். அவ்வளவே.

ஒவ்வொரு விருப்பத்தின் அருகிலும் தேதியைக் குறித்து வந்தோம். மூன்று திங்கள் கழித்துப் பார்க்கையில், பதினொன்றில் ஏழு தாமாகவே மடிந்திருந்தன. மேசை விளக்கொன்றை எதற்காக விரும்பினோம் என்பதே நினைவில் இல்லை! எனவே, எழுதுவதால் ஆசை வளர்வதில்லை. எழுதியதைப் பிறர் நமக்கு ஓயாது நினைவூட்டுவதாலேயே வளர்கின்றது எனக் கருதுகின்றோம்.

ஆயினும் மனம் நிறைவடையவில்லை. அரபியில் நெடிய எதிர்பார்ப்புக்கு 'அமல்' என்று பெயர். அது அலிஃபில் தொடங்குவது. செயலைக் குறிக்கும் 'அமல்' ஐனில் தொடங்குவது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. இவ்வேறுபாட்டை மாணவர்க்குக் கரும்பலகையில் எத்தனையோ ஆண்டுகள் எழுதிக் காட்டியிருக்கின்றோம். நம் பட்டியலிலோ அலிஃபின் அமலே நிறைந்திருந்தது.

எஞ்சிய நான்கும் நமக்கென்றே விரும்பியவை. நம் துணைவியாரின் மூக்குக் கண்ணாடி பழையது. "ஓதும்போது எழுத்து மங்கலாகத் தெரிகிறது" என ஒரே ஒருமுறை சொல்லியிருந்தார். அதை விருப்பம் என்று அவரும் சொல்லவில்லை, நாமும் எழுதவில்லை. பின்னர் வினவியபோது, "பார்த்துக்கொள்ளலாம்" என்றார். நம் இல்லங்களில் இச்சொல்லுக்குள் புதைந்து போன தேவைகள் எத்தனை! வாய் திறந்து கேளாதவரின் தேவை எந்தப் பட்டியலில் ஏறும்?

அக்குறிப்பேட்டில் ஒரு பட்டியலை இருவர் பகிர்ந்து எழுதவும் வழியுண்டு. புதிதாக ஒன்றைத் தொடங்கி, "உங்கள் விருப்பங்களை இதில் எழுதுங்கள்" என்று அவர் கையில் கொடுத்தோம். கைபேசியை அருகிற் கொணர்ந்தார், தொலைவில் நீட்டினார். பின், "என்ன எழுதியிருக்கிறது? நீங்களே படியுங்களேன்" என்றார்.

மறுநாட் காலையே கண் மருத்துவரிடம் சென்றோம்.