கையில் இல்லாததை விற்கலாமா?

பொருள் உள்ளவன் விற்கிறான். பொருள் வேண்டியவன் வாங்குகிறான். வணிகத்தின் அரிச்சுவடி இதுவென்றே நம் பெரியவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். ஆனால், பொருள் இல்லாதவனே விற்பவனாகவும், பொருளுக்கு உரியவன் தன் பொருள் விலை போனதையே அறியாதவனாகவும் இருக்கின்ற ஒரு வியாபாரம் இன்று உலகின் பெருஞ்சந்தைகளில் அன்றாடம் நடந்து வருகிறது. கைப்பேசியிலேயே பங்கு வாங்கி விற்கப் பழகிவிட்ட நம் இளைஞர்கள் சிலருக்கும் அதில் நாட்டம் பிறந்திருக்கிறது. "இது கூடுமா, கூடாதா?" என்று நம்மிடம் கேட்போரும் உளர். ஆகவே இதனை நிதானமாக ஆராய்ந்து பார்க்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

பொதுப்படப் பேசினால் விஷயம் விளங்காது. ஓர் உதாரணத்தை எடுத்துக் கொள்வோம். அமெரிக்காவில் எக்ஸ்.எல்.யு. என்ற குறியீட்டில் ஒரு நிதித் தொகுப்பு விற்பனையாகிறது. 1998 டிசம்பரில் தொடங்கப்பட்டது. மின்சாரம், எரிவாயு, குடிநீர் ஆகியவற்றை வழங்கும் சுமார் 30 கம்பெனிகளின் பங்குகள் அதில் அடங்கியிருக்கின்றன. நெக்ஸ்ட்எரா, சதர்ன், டியூக் போன்ற பெரிய மின்சாரக் கம்பெனிகள் அவற்றுள் சில. தொகுப்பின் ஒரு யூனிட்டை வாங்கியவர், இத்தனை கம்பெனிகளிலும் ஒரு சிறு துண்டுக்கு உரியவர் ஆகிறார். சாதாரணப் பங்கைப் போலவே இதனையும் சந்தை நேரத்தில் வாங்கலாம், விற்கலாம். இவ்வகைத் தொகுப்புகளை இ.டி.எஃப். என்று சுருக்கமாக அழைக்கிறார்கள்.

விளக்கெரிக்காத வீடில்லை, தண்ணீர் வேண்டாத மனிதரில்லை. ஆகவே இக்கம்பெனிகளின் வருமானம் பெரிதாக ஏறுவதுமில்லை, பெரிதாக இறங்குவதுமில்லை. ஈவுத்தொகை மட்டும் ஒழுங்காக வந்து கொண்டிருக்கும். இதனால்தான் அந்நாட்டில் இத்தகைய பங்குகளுக்கு 'விதவைகள், அநாதைகளின் பங்குகள்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. உழைக்க இயலாதவர்கள் நம்பி வைத்திருக்கும் சேமிப்பு என்பது அதன் பொருள்.

இத்தகைய தொகுப்பிலும் ஷார்ட் வியாபாரம் நடக்கிறது. அது நடக்கும் முறையைப் பாருங்கள். ஒருவர் யூனிட் விலை இறங்கும் என்று கருதுகிறார். அவரிடம் ஒரு யூனிட்டும் இல்லை. தரகரிடம் 100 யூனிட்டுகளைக் கடனாகப் பெற்று, 40 டாலர் வீதம் 4,000 டாலருக்கு விற்றுவிடுகிறார். விலை 36 டாலருக்கு இறங்கினால், 3,600 டாலருக்கு வாங்கிக் கடனைத் திருப்பிக் கொடுப்பார். கடன் கட்டணம் போக மிச்சம் அவருக்கு லாபம். மாறாக, விலை 50 டாலருக்கு ஏறினால் 1,000 டாலர் நஷ்டம். இடையில் ஈவுத்தொகை வந்தால் அதனையும் தம் கையிலிருந்து அவர் கொடுத்தாக வேண்டும். பொருளை வாங்கி வைத்தவனுக்கு நஷ்டம் போட்ட முதலோடு நின்றுவிடும். இவருக்கோ நஷ்டத்திற்கு எல்லையே இல்லை. ஏனெனில் விலை ஏற்றத்திற்கு எல்லை இல்லை.

இது கற்பனை அபாயமன்று. 2022 மார்ச் முதல் 2023 ஜூலை வரை அமெரிக்க மத்திய வங்கி வட்டி விகிதத்தைப் படிப்படியாக உயர்த்தி, 5.25 முதல் 5.50 சதவீதம் என்ற நிலைக்குக் கொண்டு வந்தது. மின்சாரக் கம்பெனிகள் பெருங்கடன் வாங்கித் தொழில் நடத்துபவை. வட்டி ஏறினால் அவற்றுக்குச் சுமை ஏறும். ஈவுத்தொகையை நாடி வந்தவர்களும் அரசாங்கக் கடன் பத்திரங்களின் பக்கம் சாய்ந்தார்கள். 2023-ல் அமெரிக்காவின் 500 பெருங்கம்பெனிகளைக் கொண்ட பட்டியலின் 11 துறைகளில் மிகவும் பின்தங்கியது இத்துறையே. இனியும் இறங்கும் என்று அவ்வாண்டு இறுதியில் விற்று வைத்தவர்களின் கதி என்ன? செயற்கை நுண்ணறிவுக்கான கணினி நிலையங்களுக்கு மின்சாரம் ஏராளமாகத் தேவைப்படும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. 2024-ல் அதே துறை, ஈவுத்தொகையையும் சேர்த்துக் கணக்கிட்டால், 20 சதவீதத்திற்கு மேல் ஏறிவிட்டது!

ஆனால், லாப நஷ்டம் நமது கேள்வியன்று. நியாயம் எது என்பதே நமது கேள்வி.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை நீக்கிக் கொள்வோம். எத்தனை யூனிட்டுகள் இவ்வாறு விற்கப்பட்டு நிலுவையில் நிற்கின்றன என்ற கணக்கு அமெரிக்காவில் மாதம் இரு முறை வெளியாகிறது. அத்தொகையைக் கண்டவுடன், "இத்தனை பேர் பிறர் அழிவை விரும்புகிறார்களே!" என்று சிலர் பதறுகிறார்கள். அது சரியன்று. ஒரு மின்சாரக் கம்பெனியின் பங்கை நெடுநாள் வைத்திருப்பவர், துறை முழுவதும் சரிந்தால் தம் நஷ்டத்தைக் குறைத்துக் கொள்ளவேண்டும் என்று தொகுப்பை விற்று வைப்பதுண்டு. சந்தை நடத்தும் பெருவியாபாரிகள் வாங்குபவருக்கு முதலில் யூனிட்டை விற்றுவிட்டு, பிறகு அந்த முப்பது கம்பெனிகளின் பங்குகளையும் திரட்டித் தொகுப்பிடம் ஒப்படைத்துப் புது யூனிட்டுகள் பெற்று ஈடு செய்வதுமுண்டு. விலை விழும் என்று பந்தயம் கட்டுவோரும் உண்டு. மூவரும் ஒரே தொகைக்குள்தான் அடங்கியிருக்கிறார்கள். மனிதனின் நிய்யத்தைப் புள்ளி விவரம் காட்டாது.

விலை இறங்கும் என்று எதிர்பார்ப்பதும் பாவமன்று. அரிசி விலை இறங்கும் என்று அறிந்து குறைவாகக் கொள்முதல் செய்கிற கடைக்காரரை யாரும் குறை கூறமாட்டோம். இன்னும் சொல்லப்போனால், இறங்கும் என்று சொல்கிறவனால் ஊருக்கு நன்மை விளைந்ததும் உண்டு. என்ரான் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பெனியின் கணக்குகளில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று ஜிம் சேனோஸ் என்ற முதலீட்டாளர் 2000-ஆம் ஆண்டிலேயே கண்டுகொண்டு, அதன் பங்குகளை ஷார்ட் விற்றார். சந்தை மேதைகள் பலர் அப்போதும் அக்கம்பெனியைப் புகழ்ந்து கொண்டிருந்தார்கள். 2001 டிசம்பரில் அது திவாலாயிற்று. பொய்க் கணக்கைத் தோலுரிப்பவன் சமூகத்துக்குத் தொண்டு செய்கிறான் என்ற வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை.

அப்படியானால் குற்றம் எங்கே இருக்கிறது? உரிமையையும் விற்பனையையும் பிரித்துவிடுவதில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து.

ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் நம்மைப் போன்ற ஒரு வணிகர். தம்மிடம் இல்லாத பொருளைக் கேட்டு ஆள் வரும்போது, அதை விற்றுவிட்டுப் பிறகு சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா என்று அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். உம்மிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்ற கருத்திலேயே விடை கிடைத்தது. வணிகர் ஒருவர் கேட்டு, வணிகருக்காகவே கிடைத்த விடை இது.

இக்காலத்து அறிஞர்களிடையே இதில் ஒரே முடிவு இல்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை. 1992-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தரகர் கடன் தருவதாக வாக்களித்திருந்தாலும், தனக்கு உரிமையில்லாத பங்கை விற்கக் கூடாது என்று தீர்மானித்தது. மலேசியப் பத்திர ஆணையத்தின் ஷரீஆ ஆலோசனை மன்றமோ, பங்கை முறையாக இரவல் பெற்று, கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு விற்பதானால், ஒப்படைக்க முடியுமா என்ற சந்தேகம் நீங்கிவிடுகிறது என்று கருதி, 2006-ல் நிபந்தனைகளோடு அனுமதித்தது. தடையின் காரணம் பொருள் கையில் இல்லாமையன்று, ஒப்படைப்பதிலுள்ள நிச்சயமின்மையே என்று இப்னுல் கைய்யிம் போன்ற முற்கால இமாம்கள் விளக்கியதும் உண்டு. நாம் முஃப்திகள் அல்லர். தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆயினும், அனுமதிக்கப்பட்டது எது என்ற கேள்விக்குப் பிறகும் வணிகனுக்கு ஒரு கேள்வி மிஞ்சுகிறது: என் செயலால் யாருடைய பொருள், யாருடைய மனமறியாமல் கை மாறுகிறது?

இரவல் தரப்படும் யூனிட்டுகள் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். தரகரிடம் கடன் பெற்று முதலீடு செய்யும் வாடிக்கையாளர், கணக்குத் தொடங்கும்போது நீண்ட ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பமிடுகிறார். அவர் பங்குகளைப் பிறருக்கு இரவல் கொடுக்கத் தரகருக்கு உரிமை உண்டு என்ற வாசகம் அதில் எங்கோ அடங்கியிருக்கும். கட்டணம் பெரும்பாலும் தரகரைச் சேரும். தம் சேமிப்பின் விலை விழவேண்டும் என்று கருதுகிறவருக்கே அச்சேமிப்பு ஆயுதமாகக் கொடுக்கப்பட்டது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. சட்டப்படி அவர் சம்மதித்தவர்தாம். மனப்படி சம்மதித்தவரா? அமானிதத்தின் பெருமையைப் பேசுகிற நாம் இந்த வேறுபாட்டை மறந்துவிடலாகாது.

இவ்வளவும் எங்கோ அமெரிக்காவில் நடக்கும் சங்கதி என்று எண்ணிவிட வேண்டாம். நம் கடைகளுக்கு வருவோம். வெங்காயத்தின் விலை அடுத்த வாரம் இறங்கும் என்று ஒரு வியாபாரிக்குத் துப்புக் கிடைக்கிறது. கிட்டங்கியில் ஒரு மூட்டையும் இல்லை. "சரக்கு இருக்கிறது" என்று சொல்லி, இன்றைய விலைக்கு 100 மூட்டைகளுக்குப் பணம் வாங்கிவிடுகிறார். விலை இறங்கினால் லாபம். கப்பல் தாமதித்து விலை ஏறிவிட்டாலோ, "சரக்குக் கெட்டுப் போய்விட்டது, அடுத்த வாரம் பாருங்கள், பாய்" என்று கையை விரிக்கிறார். சிறு கடைக்காரர் அங்கே வெறுங்கையோடு நிற்கிறார். இதற்கும் அமெரிக்கச் சந்தைக்கும் என்ன வேற்றுமை? அங்கே விற்பவர் கடன் பொருளுக்கு முன்கூட்டியே வழி செய்திருக்க வேண்டும் என்று 2005 முதல் விதி இருக்கிறது; ஈடாகப் பணமும் கட்டியிருக்கிறார். நம்மவர் கட்டியதோ வாய்ச்சொல் மட்டுமே!

முன்பணம் பெறுவதை மார்க்கம் தடுக்கவில்லை. மதீனாவாசிகள் வரப்போகும் விளைச்சலுக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னரே பணம் கொடுத்து வந்தபோது, அளவு, எடை, தவணை ஆகியவற்றைத் திட்டமாகக் குறித்துக் கொள்ளுமாறுதான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஸலம் என்ற அம்முறையில் வாங்குபவர் முழுத் தொகையையும் முன்னரே கொடுக்கிறார். சரக்கு இன்னும் வரவில்லை என்பதை அறிந்தே கொடுக்கிறார். ஒளிவு மறைவு இல்லை. இல்லாததை 'இருக்கிறது' என்று சொல்வதும், 'இனி வரும்' என்று சொல்லி விற்பதும் ஒன்றாகிவிடா.

ஆகவே, ஷார்ட் வியாபாரத்தில் இறங்க எண்ணும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இது: அறிஞர்களே கருத்து மாறுபட்டு நிற்கும் இடத்தில், எல்லையில்லா நஷ்டத்திற்குக் கழுத்தை நீட்ட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. விலை இறங்கும் என்று தோன்றினால் வாங்காமல் இருங்கள், வைத்திருப்பதை விற்றுவிடுங்கள். அதற்கு யாரிடமும் இரவல் கேட்க வேண்டியதில்லை.

கடை நடத்தும் பெரியவர்களுக்குச் சொல்வது இன்னும் சுருக்கமானது: இளைஞர்களைக் கண்டிக்கும் முன், இன்றிரவு கணக்கை முடிக்கும்போது, பேரேட்டில் விற்றதாக எழுதிய சரக்கெல்லாம் கிட்டங்கியில் இருக்கிறதா என்று ஒரு முறை எண்ணிப் பார்த்துக் கொள்வோமாக.